கஞ்சாவையும் சிகரெட்டையும் குறைக்க நினைப்பவருக்குச் செயலி வழியாகத் துணை நிற்பது எப்படி?

கஞ்சா பிடிப்பவர்களில் பலர் சிகரெட்டைப் பிரித்து, அந்தப் புகையிலைத் தூளோடு கலந்துதான் சுருட்டுகிறார்கள். அவர்கள் கஞ்சாவை மட்டும் நிறுத்தினால் சிகரெட் எண்ணிக்கை ஏறிவிடக்கூடும். சிகரெட்டை மட்டும் விட்டால், கஞ்சா சுருட்டும் ஒவ்வொரு முறையும் நிக்கோட்டின் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். ஆகவே இரண்டையும் சேர்த்தே எண்ணிவர வேண்டும். அதற்குக் கைபேசி நல்ல கருவி.

உங்கள் தம்பியோ கணவரோ நண்பரோ தாமாகவே முன்வந்து, “குறைத்துக்கொள்ள வேண்டும்” என்று சொல்லியிருந்தால் மட்டும் தொடருங்கள். அவருக்குத் தெரியாமல் அவர் போனில் எதையும் ஏற்றி வைக்காதீர்கள். அது வேவு பார்ப்பது. தெரியவரும் அன்றே உங்கள் மீதான நம்பிக்கை போய்விடும்.

படி 1: செயலியைத் தேர்ந்தெடுங்கள்

உலக சுகாதார அமைப்பின் தென்கிழக்கு ஆசியப் பிரிவு 2022இல் ‘க்விட் டொபாக்கோ’ என்ற செயலியை வெளியிட்டது. மெல்லும் புகையிலையை விட விரும்புகிறவர்களுக்கும் அது உதவும். ஆனால் இப்படிப்பட்ட செயலிகள் பெரும்பாலும் புகையிலையை மட்டுமே கணக்கில் கொள்கின்றன. கஞ்சாவுக்கு, அன்றாடப் பழக்கங்களைக் குறித்துவைக்கும் சாதாரணச் செயலி ஒன்றே போதும். ஒருமுறை தவறினாலும் கணக்கை மீண்டும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும் செயலி வேண்டாம். படிப்படியாகக் குறைப்பவரை அது சோர்ந்துபோகச் செய்யும்.

படி 2: பதிவுகளைப் பூட்டுங்கள்

1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி கஞ்சா புகைப்பது குற்றம். அதனால் அந்தப் பெயரை எழுதாமல், அவருக்கு மட்டும் புரியும் ஓர் எழுத்தைப் பயன்படுத்தச் சொல்லுங்கள். செயலிக்குக் கடவுச்சொல் வைக்க வேண்டும். இருப்பிட அனுமதியை மறுக்க வேண்டும். கடவுச்சொல்லை நீங்கள் கேட்காதீர்கள்.

படி 3: முதல் வாரம் குறித்துவைத்தால் போதும்

இந்த வாரம் எதையும் குறைக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு முறையும் நேரம், இடம், கூட இருந்தவர், மனநிலை ஆகிய நான்கையும் குறிக்க வேண்டும். ஒரு பதிவு இப்படி இருக்கலாம்: “மாலை 6.40, டீக்கடை, அலுவலக நண்பர், சலிப்பு, சிகரெட் 1.” ஒரு வாரப் பதிவுகளைச் சேர்த்துப் பார்த்தால், ஒரே இடமும் ஒரே நேரமும் திரும்பத் திரும்ப வருவது தெரியும். எழுந்து அரை மணி நேரத்துக்குள் முதல் சிகரெட் என்று பதிவாகியிருந்தால், நிக்கோட்டின் பிடி வலுவாக இருக்கிறது என்று பொருள். அவருக்கு மருத்துவர் யோசனைப்படி நிக்கோட்டின் சூயிங்கம் உதவக்கூடும். அதைச் சாதாரண சூயிங்கம் போல இடைவிடாமல் மெல்லக் கூடாது. சிறிது மென்று, காரம் தெரிந்ததும் கன்னத்தில் ஒதுக்கி வைக்க வேண்டும்.

படி 4: ஒரு நேரத்தை மட்டும் மாற்றுங்கள்

அந்த 6.40ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 6.30க்கு நினைவூட்டல் ஒலிக்கட்டும். அந்த நேரத்தில் நீங்கள் போன் செய்து பேசுங்கள். புகைக்கும் வேட்கை பெரும்பாலும் சில நிமிடங்களில் தணிந்துவிடும். தண்ணீர் குடிப்பது, சிறிது தூரம் நடப்பது, மூச்சை ஆழமாக இழுத்து விடுவது என்று அந்த நிமிடங்களைக் கடத்தினால் போதும். வார முடிவில் இரண்டு எண்ணிக்கைகளையும் அவரே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். கஞ்சா குறைந்து சிகரெட் கூடியிருந்தால், அடுத்த வாரத் திட்டத்தை அதற்கேற்ப மாற்றுங்கள். “ஏன் பிடித்தாய்?” என்று கேட்காமல், “அன்று என்ன நடந்தது?” என்று கேளுங்கள்.

படி 5: கடினமான நாட்களுக்கு முன்பே தயாராகுங்கள்

நெடுநாள் தினமும் கஞ்சா பிடித்தவருக்கு நிறுத்திய ஓரிரு நாட்களில் எரிச்சல், தூக்கமின்மை, பசியின்மை, கலங்கடிக்கும் கனவுகள் எல்லாம் வரலாம். முதல் வாரம்தான் மோசம். பெரும்பாலும் இரண்டு வாரங்களில் அடங்கும். இதை முன்கூட்டியே இருவரும் பேசி, அந்த நாட்களைச் செயலியின் நாட்காட்டியில் குறித்துவிடுங்கள். அப்போது அவர் சிடுசிடுத்தால் நீங்களும் பொறுத்துக்கொள்வீர்கள்.

படி 6: உதவி எண்களைப் போனில் சேமியுங்கள்

புகையிலைக்கு 1800-11-2356, சிகரெட் பெட்டியிலேயே அச்சிட்டிருக்கும். போதைப் பழக்கத்துக்கு 14446. மனநல உதவிக்கு டெலி மானஸ் 14416, தமிழிலும் பேசலாம். மனநோய்க்கான குளோசபின், ஒலன்சபின் மாத்திரை சாப்பிடுகிறவர், புகையைக் குறைக்கும் முன்பே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். புகைப்பதை நிறுத்தினால் இரத்தத்தில் அந்த மருந்தின் அளவு கூடிவிடும். காதில் குரல் கேட்பதாகவோ, யாரோ பின்தொடர்வதாகவோ, உயிரை விட்டுவிடலாம் என்றோ அவர் சொன்னால் செயலியை ஒதுக்கிவிட்டு அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.