தருமபுரிக் கிராமத்துத் துக்க வீட்டுக்குச் செல்வோர் கவனத்திற்கு

பென்னாகரம், பாலக்கோடு பக்கத்துக் கிராமங்களிலிருந்து சாவுச் செய்தி வந்தால், அழைப்பை எதிர்பார்க்காமல் உடனே புறப்பட வேண்டும். கல்யாணத்துக்கு வராதவரை மன்னித்துவிடுவார்கள், சாவுக்கு வராதவரை மறக்கமாட்டார்கள். மாலை வாங்கிக்கொண்டால் போதும். கோடித் துணி போடுவது சம்பந்திகளுக்கும் பிறந்த வீட்டாருக்கும் உரிய முறை என்பதால், உங்கள் உறவுக்கு அது பொருந்துமா என்று அங்குள்ள பெரியவர் ஒருவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சுடுகாட்டில், கொள்ளி வைப்பவர் நீர் நிறைந்த மண்குடத்தைத் தோளில் ஏந்திச் சடலத்தை மூன்று முறை சுற்றி வருவார். ஒவ்வொரு சுற்றிலும் பின்னால் வருபவர் குடத்தில் ஒரு துளையிட, முதுகை நனைத்தபடி நீர் ஒழுகும். மூன்றாம் சுற்று முடிந்ததும் அவர் குடத்தைப் பின்புறமாக நழுவவிட்டு உடைத்து, கொள்ளி வைத்தபின் திரும்பிப் பாராமல் நடப்பார். அவருக்கு வழிவிட்டு ஒதுங்கி நில்லுங்கள். இதைக் கைப்பேசியில் படம் பிடிப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

புறப்படும்போது ‘போய் வருகிறேன்’ என்று சொல்லக் கூடாது. வீடு திரும்பியதும் குளித்துவிட்டே உள்ளே செல்ல வேண்டும்.

பால் தெளிப்பதும் காரியமும் எந்த நாளில் என்பது குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். அஸ்தியைக் கரைக்கப் பலர் ஒகேனக்கல் செல்கின்றனர். காவிரியில் நீர்வரத்து மிகுந்தால் ஆற்றில் இறங்கத் தடை விதிக்கப்படும் என்பதால், கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். இறப்பை 21 நாட்களுக்குள் கிராம நிர்வாக அலுவலரிடம் பதிவு செய்ய வேண்டும். காரியம் முடியட்டும் என்று தள்ளிப்போட்டுத் தவறவிடுவோர் பலர்.