'பிக் அப்': 'அப்'பை விட்டால் அர்த்தம் மாறும்

"எத்தனை தடவை அடிச்சாலும் கால் பிக் பண்ண மாட்டேங்கிறான்." சென்னையில் இப்படிச் சொல்லாத ஆளே இல்லை. தமிழில் பேசும்வரை சரி. அதையே 'ஹி டிட் நாட் பிக் மை கால்' என்று ஆங்கிலமாக்கினால் தப்பு. 'பிக்' தனியாக நின்றால் தேர்ந்தெடுப்பது; பூப்பறிப்பதும் பிக்தான். போனை எடுக்க 'அப்' வேண்டும்: 'ஹி டிட் நாட் பிக் அப்.' போன் என்றுகூடச் சேர்க்க வேண்டாம்.

படி 1: அடிப்படை அர்த்தம்

கீழே கிடப்பதைக் கையால் எடுப்பது. சென்ட்ரலில் இறங்கும் அக்காவை வண்டியில் ஏற்றிக்கொள்வதும் இதுதான். வகுப்புக்கே போகாமல், சௌகார்பேட்டைக் கடையில் நின்று நின்றே இந்தி பழகிவிட்டால் 'ஐ பிக்ட் அப் ஹிந்தி அட் வொர்க்.' பாடப்புத்தகம் வைத்துப் படித்ததற்கு இது ஒட்டாது; 'ஸ்டடீட்' என்றே சொல்லுங்கள்.

படி 2: 'யூ' எங்கே உட்காரும்?

முக்கால்வாசித் தப்பு இங்கேதான். பார்சல் மாதிரி பெயர்ச்சொல் என்றால் 'பிக் அப் தி பார்சல்', 'பிக் தி பார்சல் அப்' இரண்டுமே சரி. இட், யூ, ஹிம், ஹெர், தெம் வந்தால் நடுவில் மட்டும்தான். "உன்னை பிக்கப் பண்றேன்" என்று ஒட்டியே சொல்லிப் பழகிய நாக்கு 'ஐ வில் பிக்கப் யூ' என்றுதான் ஓடும். 'ஐ வில் பிக் யூ அப் அட் சிக்ஸ்' என்று பத்து முறை வாய்விட்டுச் சொல்லுங்கள். மனசுக்குள் சொன்னால் பலிக்காது.

படி 3: சூடுபிடிப்பது

தீபாவளி நெருங்க நெருங்க தி.நகரில் வியாபாரம் ஏறுகிறதா? 'பிசினஸ் இஸ் பிக்கிங் அப்.' "வண்டியில பிக்கப்பே இல்ல" என்று மெக்கானிக்கிடம் சொல்கிறோமே, அதுவும் இந்தக் குடும்பம்தான். தாம்பரம் ரயில் வேகமெடுத்தால் 'பிக்கிங் அப் ஸ்பீட்'. இந்த 'ஸ்பீட்'டை நடுவில் செருகாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. 'ஐ பிக்ட் அப் எ கேர்ள்' என்றால், முன்பின் தெரியாத பெண்ணை மடக்கினேன் என்றும் கேட்பவர் எடுத்துக்கொள்வார். 'மை சிஸ்டர்', 'மை கலீக்' என்று யாரென்று சொல்லிவிடுங்கள்.

படி 4: உச்சரிப்பும் எழுத்தும்

'பிக்கெட் அப்' இல்லை. 'பிக்ட் அப்', வேகத்தில் 'பிக்டப்'. மெயிலில் வினையாக வந்தால் இரண்டு சொல். கேப் வந்து நிற்கும் 'பிக்கப் பாயிண்ட்' பெயர்ச்சொல். அதில் 'பிக்கப்' ஒரே சொல், இடைவெளி கிடையாது.