ஸ்லாட்டில் உட்கார்ந்துவிட்டால் வேலை செய்யுமா? ஹார்டு டிஸ்க் இணைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு முறை எம்.2 எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிரைவ்) வாங்கி வந்து, லேப்டாப்பின் அடிமூடியைக் கழற்றி, ஸ்லாட்டில் செருகி, அந்தக் குட்டி ஸ்குரூவையும் முடுக்கினேன். கச்சிதமாக உட்கார்ந்தது. ஆனால் பயாஸில், அதாவது கம்ப்யூட்டரைப் போட்டதும் முதலில் ஓடும் அடிப்படை மென்பொருளில், டிரைவ் தெரியவே இல்லை. கழற்றுவதும் மாட்டுவதுமாக அரை நாள் போன பிறகுதான் உறைத்தது: டிரைவ் கம்ப்யூட்டரோடு பேசுவதற்கு சாட்டா, என்விஎம்இ என்று வெவ்வேறு முறைகள் உண்டு; என் கையில் இருந்தது சாட்டா வகை எம்.2, அந்த ஸ்லாட் என்விஎம்இ மட்டுமே ஏற்பது.

எம்.2 என்பது வெறும் வடிவத்தின் பெயர். 2280 என்று போட்டிருந்தால் 22 மி.மீ. அகலம், 80 மி.மீ. நீளம், அவ்வளவுதான். உள்ளே ஓடுவது சாட்டாவா, பிசிஐஇ என்ற வேகமான பாதை வழியாகப் போகும் என்விஎம்இயா என்பது வேறு விஷயம். முனையில் உள்ள வெட்டைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்பார்கள். இரண்டு வெட்டு இருந்தால் பெரும்பாலும் சாட்டா, ஒன்று என்றால் என்விஎம்இ. ஆனால் இரண்டு வெட்டு கொண்ட என்விஎம்இயும் உண்டு. அதனால் வெட்டை நம்பாமல் டிரைவின் லேபிளையும் மதர்போர்டு கையேட்டையும் படியுங்கள். படிக்கிற கையோடு இன்னொன்றையும் பாருங்கள்: சில போர்டுகளில் எம்.2 ஸ்லாட்டில் டிரைவ் போட்டால் சாட்டா போர்ட் ஒன்றிரண்டு தானாக அணைந்துவிடும். நேற்றுவரை ஓடிய ஹார்டு டிஸ்க் காணவில்லையே என்று பதறுவதற்கு முன் கேபிளை வேறு போர்ட்டுக்கு மாற்றிப் பாருங்கள்.

வெளியே மாட்டிக்கொள்ளும் யுஎஸ்பி பெட்டியிலும் இதே கதைதான். எம்.2 பெட்டி என்றால் எல்லா எம்.2வும் ஓடும் என்று நினைக்க வேண்டாம். சில சாட்டாவுக்கு மட்டும், சில என்விஎம்இக்கு மட்டும், சில இரண்டுக்கும்.

அடுத்தது, பிட்டையும் பைட்டையும் போட்டுக் குழப்புவது. சாட்டா மூன்றாம் தலைமுறையின் வேகம் நொடிக்கு 6 ஜிகாபிட். 8 பிட் ஒரு பைட்தானே, 750 மெகாபைட் வருமே என்று கணக்குப் போடுவோம். ஆனால் சாட்டா ஒவ்வொரு பைட்டையும் 10 பிட்டாக மாற்றித்தான் அனுப்பும். ஆகவே உச்சம் 600 மெகாபைட், கையில் கிடைப்பது 550 அளவில். பெயரிலும் ஒரு பொறி இருக்கிறது. சாட்டா 3 என்பது மூன்றாம் தலைமுறை. சாட்டா 3 ஜிகாபிட் என்பது இரண்டாம் தலைமுறை. பழைய போர்டு வாங்குகிறவர்கள் அடிக்கடி வழுக்கி விழும் இடம் இது.

அதற்காக சுழலும் ஹார்டு டிஸ்க்குக்கு வேகமான போர்ட் தேடி அலையத் தேவையில்லை. நிமிடத்துக்கு 7200 சுழற்சி சுற்றும் டிஸ்க்கே நொடிக்கு 200 மெகாபைட்டைச் சுற்றித்தான் தரும். இரண்டாம் தலைமுறை சாட்டாவின் 300 அதற்குத் தாராளம். என்விஎம்இ கதை வேறு: பிசிஐஇ மூன்றாம் தலைமுறையில் 3500 மெகாபைட், நான்காவதில் 7000 வரை தொடும். பெரிய வீடியோ கோப்புகளோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கு அது வரப்பிரசாதம். மெயில், பிரவுசர், கொஞ்சம் எழுத்து வேலை என்று இருப்பவருக்கு சாட்டா எஸ்எஸ்டிக்கும் என்விஎம்இக்கும் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. ஹார்டு டிஸ்க்கிலிருந்து எஸ்எஸ்டிக்கு வருவதுதான் உண்மையான பாய்ச்சல்.

மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய சர்வர் டிஸ்க்கை வாங்கிவிடாதீர்கள். அது சாஸ் என்ற, சர்வர்களில் பயன்படும் வேறு இணைப்பு வகையாக இருக்கலாம். சாஸ் கன்ட்ரோலரில் சாட்டா டிஸ்க் ஓடும். சாதாரண சாட்டா போர்ட்டில் சாஸ் டிஸ்க் ஓடாது.

அப்புறம், பழைய கம்ப்யூட்டரில் பிசிஐஇ அடாப்டர் கார்டு போட்டு என்விஎம்இ மாட்டுகிறவர்களுக்கு: விண்டோஸ் 10 ஏறிய பிறகு டிரைவ் அழகாகத் தெரியும், கோப்புகளை வைத்துக்கொள்ளலாம். ஆனால் பயாஸுக்கு என்விஎம்இ தெரியாவிட்டால் அதிலிருந்து பூட் ஆகாது, அதாவது கம்ப்யூட்டர் தொடங்காது. அப்போது விண்டோஸை ஒரு சாட்டா எஸ்எஸ்டியில் வைத்துவிட்டு, என்விஎம்இயைக் கோப்புகளுக்கு மட்டும் பயன்படுத்துங்கள்.