மேஜர் ஸ்கேல் பிடிக்க சங்கராபரணம் போதும்

கும்பகோணத்தில் என் அக்கா மகள் பாட்டு வகுப்பில் வருடக்கணக்காக சங்கராபரணம் பாடியவள். கீபோர்டு வாங்கியதும் மேஜர் ஸ்கேல் என்றால் என்னவோ என்று மிரண்டாள். இரண்டும் ஒரே ஸ்வரங்கள்தான், மேஜர் ஸ்கேலில் கமகம் (ஸ்வரத்தை அசைத்துப் பாடுவது) மட்டும் கிடையாது. 29-வது மேளமான (தாய் ராகமான) சங்கராபரணத்தை அசைக்காமல் நேராக வாசித்தால் மேஜர் ஸ்கேல். மேற்கத்திய மெட்டுகளை வைத்து திருவாரூர் முத்துசுவாமி தீட்சிதர் நோட்டுஸ்வரங்கள் செய்ததும் இந்த ராகத்தில்தான்.

கீபோர்டில் 1 கட்டை சுருதியில் (C-யை ஸ-வாக வைத்தால்) சிக்கல் இல்லை, எட்டு ஸ்வரமும் வெள்ளைக் கட்டைகள். மற்ற சுருதிக்கு ஒரு கணக்கு: 2, 2, 1, 2, 2, 2, 1. ஸ-விலிருந்து தொடங்கி, கறுப்பு, வெள்ளை பார்க்காமல் அடுத்தடுத்த கட்டைகளை இத்தனை இத்தனையாக எண்ணிப் போங்கள். 1 வரும் இடங்கள் க-விலிருந்து ம-வுக்கும், நி-யிலிருந்து மேல் ஸ-வுக்கும் போகும்போது.

5 கட்டையில் (G-யை ஸ-வாக வைத்து) எண்ணிப் பாருங்கள். நி, மேல் ஸ-வுக்கு ஒட்டிய கறுப்பில் விழும். அதற்குக் கீழே உள்ள வெள்ளையை அமுக்கினால் ஹரிகாம்போதி என்ற வேறு ராகம் ஆகிவிடும். 4 கட்டையில் (ஸ F-இல்) வேறு வம்பு: ம கறுப்பில் இருக்கிறது. விரல் பழக்கத்தில் அடுத்த வெள்ளைக்குப் போனால் கல்யாணி ராகம் கேட்கும். எங்கள் வீட்டில் அப்படித்தான் ஆயிற்று, திண்ணையில் இருந்த தாத்தா, "ஏன்டி, கல்யாணிக்கு எப்போ தாவினே?" என்றார்.

அதனால் முதலில் வாயால் பாடிவிட்டு அப்புறம் விரலை வையுங்கள். தப்பு விழுந்தால் காது உடனே சொல்லிவிடும்.