கானாவின் கோகோ சரிவு: விளக்குபவர்கள் வழுக்கும் இடங்கள்

விடுதலைக்குப் பின் ஆப்பிரிக்க நாடுகள் தடுமாறியதைப் பற்றி எழுதுபவர்கள் ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளை ஒரே வாக்கியத்தில் அடைத்துவிடுகிறார்கள். ஒரு நாட்டின் கணக்கைப் பிரித்துப் பார்ப்பது மேல். 1957 மார்ச் 6-ல் பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற்ற கானாவையே எடுத்துக்கொள்வோம். அன்று உலகில் அதிகம் கோகோ விளைவித்த நாடு அது. லண்டனில் அதற்குப் பெரிய சேமிப்பும் இருந்தது. 1980-களின் தொடக்கத்தில் அந்த விளைச்சல் பாதிக்கும் கீழே சரிந்திருந்தது. ஏன் என்று விளக்குபவர்கள் வழுக்கும் இடங்கள் இவை.

முதல் வழுக்கல், பழி முழுவதையும் விடுதலை பெற்ற கானாவின் முதல் தலைவர் குவாமே நிக்ருமா மீதோ ஆங்கிலேயர் மீதோ போடுவது. கோகோ சந்தைப்படுத்தல் வாரியத்தை 1947-ல் அமைத்தது காலனி அரசு. பருவத்துக்கு முன்பே கொள்முதல் விலையை அறிவித்து, உலகச் சந்தையில் விற்று, இடையில் நிற்கும் தொகையை வாரியம் வைத்துக்கொள்ளும். விலை விழும் ஆண்டில் விவசாயியைக் காப்பாற்றத்தான் அந்தப் பணம் என்றார்கள். அது லண்டனில் பிரிட்டிஷ் கடன் பத்திரங்களாகக் கிடந்தது. நிக்ருமா இந்த ஏற்பாட்டைக் கலைக்கவில்லை, வளர்ச்சித் திட்டங்களுக்கான கருவூலமாக்கிக்கொண்டார். அவருக்குப் பின் வந்தவர்களும் அதை விட மனமில்லாமல் இருந்தார்கள்.

'இனப் பகை' என்று எழுதி முடித்துவிடுவது இன்னொன்று. கோகோ விளையும் அசாந்தே பகுதியில் 1954-ல் எழுந்த கூட்டாட்சிக் கோரிக்கையை அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் அதே ஆண்டு 60 பவுண்டு எடைச் சுமைக்கு 72 ஷில்லிங் என்று, ஆங்கிலேயர் ஆட்சிக்குக் கீழேயே உள்நாட்டு நிர்வாகத்தை நடத்திய நிக்ருமா அரசு கொள்முதல் விலையை உறையவைத்திருந்தது. உலக விலையோ அதைவிட மிக அதிகம். கோகோ விளையும் கிராமங்களின் கோபமே அசாந்தேயின் தலைநகர் கூமாசியில் கட்சியாகத் திரண்டது. எதிர்ப்புக்கு அரசு தந்த பதில்களில் ஒன்று, விசாரணையின்றி ஐந்தாண்டுவரை சிறைவைக்கும் 1958-ஆம் ஆண்டுச் சட்டம். 1964-ல் ஒரு கட்சி ஆட்சி வந்தது, 1966 பிப்ரவரி 24-ல் ராணுவம் ஆட்சியைக் கவிழ்த்தது. இந்த வரிசையை விட்டுவிட்டு, கவிழ்ப்புக்கு வெளிநாட்டுச் சதியை மட்டும் காரணமாகப் பேசினால் பாதிக் கதைகூடத் தேறாது.

அதிகம் பேர் கோட்டைவிடுவது ஆண்டுக் கணக்கில். கோகோ மரம் காய்க்கச் சில ஆண்டுகள் ஆகும். 1960-களில் விலை கட்டாமல் புதுக் கன்று நடாதவரின் இழப்பு 1970-களில்தான் தெரியும். எனவே விளைச்சல் குறைந்த ஆண்டில் நாற்காலியில் இருந்தவரைக் குற்றவாளியாக்குவது தப்பு. 1969-ல் உரிய ஆவணங்கள் இல்லாத வெளிநாட்டவரை வெளியேற்றியபோது தோட்டங்களுக்கு ஆள் பஞ்சமும் சேர்ந்தது.

புள்ளிவிவரத்திலும் பொறி உண்டு. 1964-65 என்பது ஒரே விளைச்சல் பருவம், இரண்டு ஆண்டுகளின் கூட்டல் அல்ல. அந்தப் பருவத்தில் சுமார் 5.5 லட்சம் டன். 1983-84-ல் சுமார் 1.6 லட்சம் டன். வித்தியாசம் முழுவதும் மரத்தில் குறைந்தது என்று எண்ண வேண்டாம். கானாவின் சீடி நாணயத்துக்கு அரசு வைத்த மதிப்பு வெளிச்சந்தை மதிப்பைவிட எங்கோ உயரத்தில் இருந்தது, அதனால் விவசாயிக்குக் கிடைத்த சீடியில் வாங்க முடிந்தது குறைவு. எல்லைக்கு அப்பால் ஐவரி கோஸ்ட்டிலும் டோகோவிலும் கிடைத்ததோ பிரெஞ்சு நாணயத்தோடு பிணைத்த சி.எஃப்.ஏ. பிராங்க், மாற்றத்தக்க பணம். மூட்டைகள் அங்கே போயின. கடத்திய கோகோ கானாவின் கணக்கில் வராது, அண்டை நாட்டின் கணக்கில் ஏறியிருக்கும்.

1983-84-ஐ ஒப்பீட்டு அடிப்படையாக வைப்பதையும் தவிர்க்க வேண்டும். 1983-ல் கடும் வறட்சி, தோட்டங்களை எரித்த காட்டுத்தீ, நைஜீரியா திருப்பி அனுப்பிய லட்சக்கணக்கான கானாக்காரர்கள் என எல்லாம் ஒன்றாக வந்தன. அதே ஆண்டில்தான் ராணுவ ஆட்சியாளர் ஜெரி ராலிங்ஸின் அரசு பன்னாட்டு நாணய நிதியத்தின் ஆதரவோடு சீர்திருத்தம் தொடங்கி, டாலருக்கு 2.75 சீடி என்றிருந்த மதிப்பைக் கைவிட்டு, கோகோ கொள்முதல் விலையை உயர்த்தியது. அந்தப் பள்ளத்திலிருந்து அளந்தால் மழையால் மீண்ட விளைச்சலும் சீர்திருத்தத்தின் சாதனையாகிவிடும். முந்தைய ஐந்தாறு பருவங்களின் சராசரியை எடுத்து ஒப்பிட்டால், விலை உயர்வால் கிடைத்தது எவ்வளவு என்பது ஓரளவு பிடிபடும்.