ஸ்போர்ட்ஸில் வேலை வேண்டுமா? பாட்காஸ்ட்டை இப்படிக் கேட்டுப் பாருங்கள்

வியாசர்பாடியில் பந்து உதைக்காத பையனைப் பார்ப்பது கஷ்டம், ராயபுரம் பக்கம் போனால் கேரம். ஆனால் ஆடி முடித்தபிறகு என்ன வேலை என்று கேட்டால் பி.டி. மாஸ்டர், இல்லையென்றால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ரயில்வே, போலீஸ். அதோடு பேச்சு முடிந்துவிடும். தண்டையார்பேட்டையில் நானும் அப்படித்தான் இருந்தேன். வேறு வேலைகளுக்குப் பெயர் இருக்கிறது என்பதே பாட்காஸ்ட் (போனில் கேட்கும் ஆடியோ நிகழ்ச்சி) கேட்டுத்தான் தெரிந்தது.

படி 1: ஆப்பைத் திறக்காதீர்கள்

முதலில் ஒரு நோட்டு எடுங்கள். உடம்பு சம்பந்தப்பட்ட வேலையா (பிசியோ, ஃபிட்னஸ் டிரெய்னர்), எண்ணா (அனலிஸ்ட், ஸ்கோரர்), காசா (ஸ்பான்சர், டிக்கெட், மார்க்கெட்டிங்), பேச்சா (கமென்ட்ரி, ரிப்போர்ட்டிங்)? ஒன்றை மட்டும் எழுதுங்கள். பிறகு மாற்றிக்கொள்ளலாம், தப்பில்லை. இதை எழுதாமல் கேட்க ஆரம்பித்தால் அது வெறும் டைம்பாஸ்.

படி 2: ஆப்

கூகுள் பாட்காஸ்ட்ஸ் 2024-லேயே மூடப்பட்டுவிட்டது, பழைய வீடியோக்களை நம்பித் தேடாதீர்கள். ஸ்பாட்டிஃபை போதும், பாட்டை டவுன்லோட் செய்யத்தான் பணம் கட்ட வேண்டும், பாட்காஸ்ட்டுக்கு வேண்டாம். இரவே இறக்கி வைத்துவிட்டால் காலையில் எண்ணூர் லோக்கலில் நெட் இல்லாமலே கேட்கலாம். ஆங்கிலம் வேகமாக ஓடுகிறதா? வேகத்தை 0.8 ஆக்குங்கள். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

படி 3: எதைக் கேட்பது

வேலையைப் பற்றியே பேசுவது 'வொர்க் இன் ஸ்போர்ட்ஸ்'. அமெரிக்க நிகழ்ச்சி, அங்கே கல்லூரி விளையாட்டே பெரிய தொழில், அதனால் அந்தப் பகுதிகள் நமக்கு ஒத்துவராது, தாண்டிவிடுங்கள். நிகழ்ச்சியில் பேச வந்தவர் தன் முதல் வேலைக்குள் எப்படி நுழைந்தார் என்று சொல்லும் இடத்தில் மட்டும் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். உடம்பு என்று எழுதியவர்களுக்கு ராஸ் டக்கரும் மைக் ஃபின்ச்சும் பேசும் 'தி ரியல் சயின்ஸ் ஆஃப் ஸ்போர்ட்'. காசு என்றால் 'தி பிரைஸ் ஆஃப் ஃபுட்பால்', கிளப்புகளின் கணக்கு வழக்கைப் பிரித்து மேய்வார்கள். தமிழில் வேண்டுமென்றால் அஸ்வினின் யூடியூப் சேனல். வேலை பற்றியது இல்லைதான், ஆனால் ஆட்டத்தை எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்று புரியும்.

படி 4: ஒரு எபிசோட், ஒரு வேலை

இதுதான் முக்கியம். கேட்டு முடித்ததும் மூன்று விஷயம் எழுதுங்கள்: வேலையின் பெயர், அவர் செய்த முதல் வேலை, பயன்படுத்திய கருவி. அடுத்த எபிசோடுக்குப் போகும் முன் அதில் ஒன்றை நம் கிரவுண்டில் செய்து பாருங்கள்.

நான் எண் பக்கம். ஞாயிற்றுக்கிழமை ஃபுட்பால் மேட்சைப் போனில் எடுத்து, பந்து எந்த நிமிடத்தில், எந்தப் பகுதியில், யாரிடமிருந்து போனது என்று எக்செல்லில் வரிசையாகப் போட்டேன். முதல் மேட்சில் இருபதாவது நிமிடத்திலேயே மெமரி ஃபுல். கோட்டுக்குப் பக்கத்தில் நின்று எடுத்ததால் பாதி நேரம் லைன்ஸ்மேன் முதுகுதான் தெரிந்தது. இரண்டாவது மேட்சில் ஒரு விஷயம் பிடிபட்டது, எங்கள் டீம் பந்தை இழந்ததெல்லாம் இடது பக்கத் த்ரோ-இன்னில்தான். பத்து சின்ன கிளிப் வெட்டி கோச்சிடம் காட்டினேன். "இது எனக்குத் தெரியாதாடா?" என்றார், ஆனால் அடுத்த வாரம் அந்தப் பக்கம் ஆளை மாற்றினார். (சின்னப் பசங்க மேட்ச் என்றால் கோச்சிடமும் பெற்றோரிடமும் கேட்காமல் எடுக்காதீர்கள்.)

படி 5: படிப்பு

கோச் ஆக வேண்டுமென்றால் பாட்டியாலாவில் இருக்கும் தேசிய விளையாட்டு நிறுவனத்தின் (என்.ஐ.எஸ்.) டிப்ளமோ, ஃபுட்பாலுக்கு அகில இந்திய கால்பந்து சம்மேளனம் (ஏ.ஐ.எஃப்.எஃப்.) தரும் டி லைசென்ஸ். நம் ஊருக்குப் பக்கத்திலேயே மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஆன்லைன் சர்டிஃபிகேட்டுக்குப் பணம் கட்டுமுன் அதை யார் ஏற்றுக்கொள்கிறார்கள் என்று கேளுங்கள். நான் கேட்காமல் கட்டினேன், அது இப்போது ஃபைலில் தூங்குகிறது.

படி 6: பேசியவருக்கு எழுதுங்கள்

வேலை தொடர்புகளுக்கான லிங்க்டின் தளத்தில் தேடினால் பெரும்பாலும் கிடைப்பார்கள். "சார், வேலை இருக்கா" என்று மட்டும் அனுப்பாதீர்கள். எந்த எபிசோட், அதைக் கேட்டு நீங்கள் என்ன செய்தீர்கள், அந்த எக்செல், ஒரே ஒரு கேள்வி. அவ்வளவுதான். நான் மூன்று பேருக்கு அனுப்பினேன், ஒருவர் பதில் போட்டார்: "கணக்கு சரி, ஆனால் கேமராவை மேலே ஏற்று." இப்போது கிரவுண்டை ஒட்டிய வீட்டின் மொட்டை மாடிக்கு அந்த வீட்டு ஆன்ட்டியிடம் அனுமதி வாங்கி வைத்திருக்கிறேன், துணி காயப்போடாத ஞாயிறுகளுக்கு மட்டும்.