பழைய ஆணழகன் படங்களில் கடற்கரை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

1940களிலும் 50களிலும் அமெரிக்காவில் எடுத்த ஆணழகன் புகைப்படங்களை, அதாவது கட்டுடல் ஆண்கள் குறைந்த உடையில் நிற்கும் படங்களைச் சேகரிப்பவர்கள், பகிர்பவர்கள் பலரும் செய்யும் முதல் தப்பு, மணலைக் கண்டதும் ‘மசில் பீச்’ என்று எழுதிவிடுவது. அது கலிபோர்னியாவில், சான்டா மோனிகா கடற்பாலத்துக்குத் தெற்கே ஒட்டியிருந்த ஒரு திட்டு. 1930களில் அங்கே உடற்பயிற்சிக்கான கம்பிகள், வளையங்கள், மேடை எல்லாம் வந்தன. 1959இல் நகராட்சி அதை மூடியது. இன்று சுற்றுலாப் பயணிகள் போய்ப் பார்க்கும் வெனிஸ் கடற்கரை உடற்பயிற்சிக் களம் வேறு. அதற்கு மசில் பீச் என்ற பெயர் 1987இல்தான் அதிகாரபூர்வமாகக் கிடைத்தது.

இடத்தைச் சோதிக்க வழி உண்டு. பழைய மசில் பீச்சில் கடலைப் பார்த்து எடுத்த படத்தில் பாலம் வலப்பக்கம் தெரிய வேண்டும். இடப்பக்கம் தெரிந்தால் நெகட்டிவைத் திருப்பிப் போட்டுப் பிரதி எடுத்திருக்கலாம். வெயிலையும் பாருங்கள். மெரினாவில் கடலிலிருந்து சூரியன் எழுவதைப் பார்த்துப் பழகிய நமக்கு இது தலைகீழ்: அங்கே கடல் மேற்கில். கடல் பின்னணியில் இருக்க, முகத்தில் நேராக வெயில் அடித்தால் அது காலைப் படம்.

அடுத்து, கடற்கரையை வெறும் அழகுக்காகத் தேர்ந்தெடுத்தார்கள் என்று நினைப்பது. எனக்கு இதுதான் பெரிய தவறாகப் படுகிறது. ஆபாசமானவற்றைத் தபாலில் அனுப்புவதை 1873 முதலே அமெரிக்கச் சட்டம் தடுத்தது. இந்தப் படங்களோ தபாலில்தான் விற்றன. லாஸ் ஏஞ்சலஸில் 1945இல் ‘அத்லெடிக் மாடல் கில்ட்’ என்ற ஸ்டுடியோவைத் தொடங்கிய புகைப்படக்காரர் பாப் மைசர், சீக்கிரமே வழக்கில் சிக்கிச் சிறைக்கும் போனார். அறைக்குள் ஒருவர் ஜட்டியோடு நின்றால் ஏன் என்ற கேள்வி வரும். கடற்கரையில் நின்றால் யார் கேட்கப்போகிறார்கள்? மணலும் அலையும் அந்தக் குறைந்த உடைக்கு ஒரு நியாயம் தந்தன. 1962இல் உச்ச நீதிமன்றம், தபால் துறை தடுத்துவைத்த, இத்தகைய படங்கள் வந்த பத்திரிகைகள் ஆபாசமல்ல என்று தீர்ப்பளித்த பிறகுதான் பிடி தளர்ந்தது.

ஆனால் மைசரின் படங்களில் பெரும்பகுதி அவர் வீட்டு ஸ்டுடியோவிலும் கொல்லைப்புறத்திலும் எடுத்தவை. தண்ணீர் தெரிந்தால் அது அவர் வீட்டு நீச்சல் குளமாகவும் இருக்கலாம்.

எல்லாவற்றையும் ஒரே கூடையில் போடுவதும் வேண்டாம். பால் காட்மஸ், ஜாரெட் பிரெஞ்ச், மார்கரெட் பிரெஞ்ச் மூவரும் 1937 முதல் அமெரிக்காவின் கிழக்குக் கரையில் உள்ள ஃபயர் ஐலண்ட், ப்ராவின்ஸ்டவுன் மணலில் எடுத்த படங்கள் ஓவியர்கள் தங்களுக்காகவும் நண்பர்களுக்காகவும் எடுத்தவை. தபால் வியாபாரம் அதில் இல்லை. மசில் பீச்சில் பெண்களும் இருந்தார்கள் என்பதை மறப்பது இன்னொன்று. ‘பட்ஜி’ ஸ்டாக்டன் அங்கே பெரிய நட்சத்திரம். கணவர் உயர்த்திய கைகளின் மேல் நின்று அவர் பளுவைத் தலைக்கு மேல் தூக்கும் படம் புகழ்பெற்றது.

மாடல்களின் பாலீர்ப்பை ஊகித்துப் பெயரோடு எழுதுவது சுத்தமாக வேண்டாம். படம் வாங்கியவர்களில் ஓரினச்சேர்க்கையாளர்கள் ஏராளம் என்பது உண்மை. படத்துக்கு நின்றவர்களில் ஆணழகன் போட்டிக்குப் படம் தேவைப்பட்டவர்களும், நாலு காசு தேவைப்பட்டவர்களும் உண்டு.

அப்புறம் மாடல்கள் கட்டியிருக்கும் அந்தக் கோவணம். சில பிரதிகளில் மடிப்போ நிழலோ இல்லாமல் வழவழவென்று இருக்கும், ஓரம் தோலோடு ஒட்டாது. பின்னால் யாரோ கணினியில் கெடுத்துவிட்டார்கள் என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். தபாலுக்குப் பயந்து அந்தக் காலத்திலேயே மையால் வரைந்து மறைத்தவை உண்டு. பிரதியைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால், மை பூசிய இடத்தின் பளபளப்பு பெரும்பாலும் தனியாகத் தெரியும்.